எபிஜெனடிக்ஸ் பவுடரும் ஈ.ஆர். ரிப்போர்ட்டும்

"எபிஜெனடிக்ஸ்" என்கிற வார்த்தை ஒருவழியாக நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வந்த கையோடு அதற்கு ஒரு எம்.ஆர்.பி.யும் ஒட்டிவிட்டார்கள்.

எனக்கு வரும் ஃபார்வர்டுகளின் சாரம் இதுதான்: ஜீன் ஒன்றும் தலைவிதி இல்லையாம். அதை ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாம். ஆகவே இந்தப் பொடியை ஒரு மண்டலம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் ஜீன் தானாகவே ஆஃப் ஆகிவிடுமாம். கீமோ வேண்டாம், ஹார்மோன் மாத்திரை வேண்டாம். பக்கத்திலேயே நீலக் கலரில் ஒரு டி.என்.ஏ. ஏணிப் படம். கீழே ஜிபே நம்பர்.

நீளமான த்ரெட். பொறுமையாகப் படிங்க. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் கட்டாயம் படிங்க.

முழுப் பொய்யாக இருந்தால் நான் இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டேன். பிரா போட்டால் கேன்சர், டியோடரன்ட் அடித்தால் கேன்சர் என்பதெல்லாம் முழுப் பொய். ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போயிடலாம். இது அப்படி இல்லை. இதில் முதல் பாதி உண்மை. ஜீன்கள் ஆன் ஆகும், ஆஃப் ஆகும். மார்பகப் புற்றுநோய் உருவாவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த உண்மையின் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இரண்டாம் பாதிப் பொய் நம்ம வீட்டுக்குள் வருகிறது. அதனால் முதலில் உண்மையைப் பார்த்துவிடுவோம். அது தெரிந்துவிட்டால் பொடி விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் கண்ணில் இருக்கும் செல், கல்லீரல் செல், மார்பகத்தில் பால் சுரக்கும் செல், மூன்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எழுத்துக்கு எழுத்து கிட்டத்தட்ட அதே. அப்புறம் எப்படி ஒன்று பார்க்கிறது, ஒன்று பித்தநீர் சுரக்கிறது, ஒன்று பால் சுரக்கிறது?

நம்ம ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்காரர் முகூர்த்த நாள் பக்கத்தைப் புரட்டுவார். விவசாயி மழை பற்றிய பக்கத்தைப் பார்ப்பார். திதி கொடுக்க வேண்டியவர் அமாவாசை எப்போது என்று பார்ப்பார். புத்தகம் ஒன்று, திறக்கும் பக்கம் வேறு. செல்களும் அப்படித்தான். ஏறக்குறைய 20 ஆயிரம் ஜீன்கள் எல்லாச் செல்லிலும் இருக்கின்றன. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தச் செல் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்குப் பெயர்தான் ஜீன் ஒழுங்குமுறை. எழுத்தை மாற்றாமல், பக்கத்தை ஒட்டியும் பிரித்தும் நடக்கும் அந்த வேலையின் ஒரு பகுதிக்குப் பெயர் எபிஜெனடிக்ஸ். அவ்வளவுதான். இதில் மந்திரம் ஏதுமில்லை.

இப்போது மார்பகத்துக்குள் போவோம்.

பால் வரும் குழாய்களை ஒரு குறுக்குவெட்டில் பார்த்தால் இரண்டு அடுக்குச் செல்கள் தெரியும். உள்பக்கம் இருப்பவை பால் சுரக்கிற வம்சம். வெளிப்பக்கம் இருப்பவை, குழந்தை சப்பும்போது சுருங்கிப் பாலைப் பிதுக்கித் தள்ளுகிற, கொஞ்சம் தசை மாதிரியான செல்கள். அதாவது உள்ளடுக்கு, வெளியடுக்கு. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

உள்ளடுக்குச் செல் தான் உள்ளடுக்குச் செல்லாகவே தொடர்வதற்கு தினமும் வேலை நடக்க வேண்டும். பிறக்கும்போதே பச்சை குத்திவிட்ட அடையாளம் இல்லை அது. காட்டா-3 என்று ஒரு புரதம். அதன் வேலையே, "நீ பால் சுரக்கிற வீட்டுப் பிள்ளை, அந்தப் பக்கங்களை மட்டும் படி" என்று ஜீன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. வளர்ந்த எலிகளில் இந்தக் காட்டா-3ஐ நீக்கிப் பார்த்தார்கள். உள்ளடுக்குச் செல்கள் முதிர்ச்சியை இழந்தன, பெருகின, உட்கார்ந்த இடத்திலிருந்து பிடிமானம் விட்டன. மனிதர்களின் மார்பகக் கட்டிகளில் பத்தில் ஒன்றில் இந்தக் காட்டா-3 ஜீனில் பழுது இருக்கிறது. அடையாளத்தைக் காப்பாற்றும் காவலாளியே சீக்கு.

இன்னொருவர் ஃபாக்ஸ்-ஏ1. இவர் ஒட்டிப்போன பக்கங்களைப் பிரித்து வைப்பவர். இவர் பிரித்து வைத்த பக்கத்தைப் படிக்க வருகிறவர்தான் நம்ம கதாநாயகன், சில சமயம் வில்லன்: ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். சுருக்கமாக ஈ.ஆர்.

பலரும் ஈஸ்ட்ரோஜன் ஒரு விஷம் போலவும், ஈ.ஆர். அதை உள்ளே விடும் கதவு போலவும் நினைக்கிறார்கள். இல்லீங்க. ஈ.ஆர். கதவு இல்லை, வாசகர். ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிக்கொண்டதும் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, எந்த ஜீனைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஆரோக்கியமான மார்பகத்தில் ஈ.ஆர். இருக்கும் செல்கள் பெரும்பாலும் தாமே பெருகுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் சொல்லும் செய்தியை வாங்கி, பக்கத்துச் செல்களுக்கு "நீங்க வளருங்க" என்று கடத்துகின்றன. பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. எல்லார் இலைக்கும் போடுவார், தான் உட்கார மாட்டார். ஈ.ஆர். பாசிட்டிவ் புற்றுநோயில் நடப்பது என்ன தெரியுமா? பரிமாறுகிறவரே வாளியோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார். ஈ.ஆர். உள்ள செல்லே ஈஸ்ட்ரோஜனைக் கேட்டுப் பெருகுகிறது. புது ஹார்மோன் எதுவும் வரவில்லை, வெளியிலிருந்து விஷம் எதுவும் நுழையவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வாசகர், படிக்கக் கூடாத பக்கத்தைப் படிக்கிறார்.

உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏழு இந்த வகை.

1896-ல் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணுக்குச் சூலகத்தை எடுத்துப் பார்த்து, கட்டி சுருங்கியதை எழுதி வைத்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. எல்லாருக்கும் இப்படிச் சுருங்கவில்லை, சிலருக்குத்தான் சுருங்கியது. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரைக் கண்டுபிடித்த பிறகுதான் விளங்கியது: வாசகர் இருக்கிற கட்டி சுருங்குகிறது, இல்லாத கட்டி சுருங்குவதில்லை.

1962-ல் டமாக்சிஃபென் தயாரிக்கப்பட்டது கருத்தடை மாத்திரையாக. அந்த வேலையில் படுதோல்வி. கருமுட்டை வெளிவருவதைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிட்டது! அப்புறம்தான் மார்பகத்துக்கு வந்தது. அது ஈ.ஆரில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் இடம் கிடைக்காது, அந்தப் பக்கம் படிக்கப்படாது.

கொஞ்சம் நிதானமாக யோசிச்சுப் பாருங்க. "ஜீனை ஆஃப் செய்யும் மருந்து" என்று பொடி விற்கிறார்களே, அது பல வருஷமாக நம்ம மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. அதன் பெயர் டமாக்சிஃபென். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலையும் குறைவு. எந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களோ அதே மாத்திரைதான் அவர்கள் பெயர் சொல்லி விற்கும் வேலையை உண்மையில் செய்கிறது.

ஆதாரம்? 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2011-ல் லான்செட்டில் வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் 5 வருஷம் டமாக்சிஃபென் எடுத்தால், அடுத்த 15 வருஷத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே ஆய்வில் ஈ.ஆர். நெகட்டிவ் உள்ளவர்களுக்கு? ஒரு பலனும் இல்லை. பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைத்தான் நான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன். ஒரே உறுப்பு, ஒரே பெயர் உள்ள நோய், ஒரே மாத்திரை. ஒரு செல்லின் அடையாளத்தைப் பொறுத்து அது உயிர் காக்கும் மருந்தாகிறது, இல்லை என்றால் வெறும் சுண்ணாம்பு. அப்படி இருக்கும்போது, உங்கள் கட்டி எந்த வகை என்றே கேட்காமல் ஒருவர் எல்லாருக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறார் என்றால், அவருக்கு எபிஜெனடிக்ஸும் தெரியாது, மார்பகமும் தெரியாது. ஜிபே நம்பர் மட்டும் மனப்பாடம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெர்-2 என்ற ஜீன் இயல்பாக ஒரு செல்லில் இரண்டு பிரதி. சில கட்டிகளில் அதுவே பத்து இருபது பிரதியாகப் பெருகி, பக்கம் மூடவே முடியாமல் விரியத் திறந்து கிடக்கும். ஏறக்குறைய ஏழில் ஒரு கட்டி இப்படி. ஒரு காலத்தில் ரொம்ப மோசமான வகை என்று பெயர் வாங்கியது. 1998-ல் ட்ராஸ்டுசுமாப் வந்த பிறகு அந்தக் கதை மாறிவிட்டது. இப்போது நம்ம நாட்டிலேயே தயாரிக்கும் பயோசிமிலர்களும் கிடைக்கின்றன.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாதது டிரிப்பிள் நெகட்டிவ். இந்தியாவில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நம்ம பெண்களிடம் கால்வாசிக்கும் மேல் இந்த வகை. மேற்கு நாடுகளைவிட அதிகம். இதற்கு ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது, கீமோதான் முதுகெலும்பு. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படவும் செய்யும். "கீமோ வேண்டாம், பொடி போதும்" என்று கேட்டு இந்த வகைப் பெண் ஒருவர் மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மாதத்தை அவருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, பிராக்கா-1. ஏஞ்சலினா ஜோலி புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். "பிராக்கா ஜீன் இருந்தால் கேன்சர் வரும்" என்பார்கள். பிராக்கா ஜீன் எல்லாரிடமும் இருக்கிறது சாமி! ஆண்களிடமும் இருக்கிறது. அது டி.என்.ஏ. கிழிசலைத் தைக்கும் தையல்காரர். அது பழுதானால்தான் பிரச்சினை. அது 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் மேரி-கிளேர் கிங் காட்டினார், 1994-ல் ஜீனையே பிரித்தெடுத்தார்கள்.

இந்தப் பழுதை அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வாங்கி வந்த பெண்களுக்கு வரும் கட்டி பெரும்பாலும் டிரிப்பிள் நெகட்டிவ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெளியடுக்குச் செல் ஜாடை. அதனால் வெளியடுக்கிலிருக்கும் மூலச்செல்லில் இருந்துதான் இது பிறக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். 2009-ல் மெல்போர்னில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லிண்டெமன் குழுவினர், பிராக்கா-1 பழுது உள்ள பெண்களின் இன்னும் கேன்சர் வராத மார்பகத் திசுவை ஆராய்ந்தார்கள். பார்த்தால், தடம் மாறியிருந்தவை உள்ளடுக்கின் முன்னோடிச் செல்கள்! பால் சுரக்கும் செல்லாக முதிர வேண்டிய பிள்ளை, பாதி வழியில் நின்று, பக்கத்து வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. இனிஷியல் ஒன்று, முகஜாடை வேறு. எந்தச் செல்லில், அது முதிர்ச்சியின் எந்தப் படியில் நிற்கும்போது பழுது விழுகிறது என்பது பழுது அளவுக்கே முக்கியம் என்பதை எனக்கு இதைவிட நன்றாகக் காட்டிய ஆய்வு வேறில்லை.

இன்னொன்று. சில பெண்களுக்குப் பிராக்கா-1ல் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது. ஆனால் அவர்களின் கட்டிக்குள் அந்த ஜீனின் முகப்பில் மீத்தைல் என்ற சின்ன ரசாயன ஒட்டு விழுந்து, பக்கம் ஒட்டிப்போயிருக்கும். தையல்காரர் உயிரோடு இருக்கிறார், கடை பூட்டியிருக்கிறது. இதுதான் நிஜமான எபிஜெனடிக்ஸ். "ஜீன் ஆஃப் ஆவது நல்லது" என்று பொடிக்காரர் சொல்கிறாரே, இங்கே ஆஃப் ஆனதால்தான் புற்றுநோயே. எதை ஆன் செய்யப் போகிறீர்கள், எதை ஆஃப் செய்யப் போகிறீர்கள், எந்தச் செல்லில்? மஞ்சள் பொடி வயிற்றுக்குள் போய் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்ளும்?

"எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே டாக்டர்" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பரம்பரையாக வரும் தனி ஜீன் பழுதால் ஏற்படுவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான். மற்ற பெரும்பாலானவர்களின் வீட்டில் யாருக்கும் இருந்திருக்காது. 2007-லிருந்து பல ஆயிரம் பெண்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் இடங்களை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜீனுக்குள்ளேயே இல்லை. ஜீனுக்கு வெளியே, ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கி வைத்த பகுதியில், சுவிட்சுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ரொம்பச் சின்ன ஆபத்து. ஆகவே வம்சத்தில் இல்லை என்பதால் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். (ஆண்களே, உங்களுக்கும்தான். நூறில் ஒரு மார்பகப் புற்றுநோய் ஆணுக்கு வருகிறது, வெட்கப்பட்டே தாமதமாக வருவார்கள்.)

இனி அவர்களின் பெரிய ஆதாரத்துக்கு வருகிறேன். கொஞ்சம் படித்த பொடிக்காரர்கள் மீனா பிசெல் பெயரைச் சொல்வார்கள். மிகப் பெரிய விஞ்ஞானி, சந்தேகமே இல்லை. 1997-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவர் குழு ஒரு சோதனை செய்தது. மார்பகப் புற்றுநோய்ச் செல்களை முப்பரிமாண ஜெல்லில் வளர்த்து, அவை சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் அடைத்தார்கள். தறிகெட்டு வளர்ந்த செல்கள் அடங்கி, நல்ல பிள்ளைகளாக வட்டமாக உட்கார்ந்து, வளர்ச்சியை நிறுத்தின. டி.என்.ஏ. பழுது அப்படியே இருக்கும்போதே! சுற்றுப்புறம் செல்லின் நடத்தையை மாற்றும் என்று காட்டிய அருமையான வேலை அது.

அந்த ஆய்வின் சுருக்கத்தில் ஒரு வரியை மட்டும் இவர்கள் சொல்ல மாட்டார்கள். செல்களைப் பிரித்து ஆன்டிபாடியை எடுத்துவிட்டால், பழைய குணம் திரும்பிவிடுகிறது. அது ஆய்வுக்கூடத் தட்டு, அளந்து ஊற்றிய ஆன்டிபாடி. அங்கிருந்து உங்கள் வீட்டுக் கசாயத்துக்குப் பாலம் எதுவும் கிடையாது.

"அலோபதி கம்பெனிகள் எபிஜெனடிக்ஸை மறைக்கின்றன" என்று ஒரு வசனம் வேறு. மறைக்கவில்லை ஐயா, கோடிக்கணக்கில் செலவழித்துத் தோற்றிருக்கிறார்கள். ஒட்டிப்போன பக்கங்களைத் திறப்பதற்கென்றே செய்த என்டினோஸ்டாட் என்ற மருந்தை, 608 நோயாளிகளிடம் முறையாகப் பரிசோதித்தார்கள். ஆரம்பச் சோதனைகளில் பெரிய நம்பிக்கை தந்த மருந்து. 2021-ல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. அதே குடும்பத்து மருந்து ஒன்று சீனாவில் ஓரளவு பலன் காட்டி அனுமதி வாங்கியிருக்கிறது. அறிவியல் இப்படித்தான், ஒன்று ஜெயிக்கும், ஒன்று தோற்கும், தோற்றதையும் அச்சில் போடுவார்கள். பொடிக்காரர் இதுவரை ஒரு தோல்வியையாவது வெளியிட்டிருக்கிறாரா? அவருடைய பொடி நூற்றுக்கு நூறு. நூற்றுக்கு நூறு வேலை செய்யும் புற்றுநோய் மருந்து எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் கோபம் வருவது பொடி மேல்கூட இல்லை. கூடவே வரும் பிரசங்கத்தின் மேல். "உங்கள் எண்ணங்கள்தான் உங்கள் ஜீனை இயக்குகின்றன. சோகத்தை அடக்கி வைத்ததால்தான் மார்பில் கட்டி வந்தது. மன்னிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்." இது எபிஜெனடிக்ஸ் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து முடி கொட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, இது நீயே வரவழைத்துக்கொண்டது என்று சொல்வது. மாமியார் கொடுமையைப் பொறுத்துக்கொண்டது தப்பு, புருஷனிடம் சண்டை போடாமல் இருந்தது தப்பு, குழந்தை பெறாதது தப்பு, பால் கொடுக்காதது தப்பு. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது, உண்மை: மொத்தமாக 12 மாதம் கொடுத்தால் சுமார் 4 சதவீதம். நல்லதுதான், ஆனால் அந்த 4 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நோயாளியின் தலையில் குற்றச்சாட்டாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. மூன்று பிள்ளை பெற்று மூன்றுக்கும் பால் கொடுத்தவர்களும் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதுகளில் இருந்த அம்மா. ஈ.ஆர். பாசிட்டிவ், சின்னக் கட்டி, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டமாக்சிஃபென் ஆரம்பித்து ஒரு வருஷம் ஒழுங்காக எடுத்தார். அப்புறம் ஆளைக் காணோம். இரண்டு வருஷம் கழித்து முதுகுவலி என்று வந்தார். ஸ்கேனில் முதுகெலும்பில் மூன்று இடம். கணவர் பையிலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா உடம்புல ஹார்மோன் ஏறும், கேன்சர் திரும்ப வரும்னு சொன்னாங்க டாக்டர். நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, உங்களுக்கு என்ன தெரியும்" என்றார். மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் நிச்சயம் வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. தொடர்ந்தவர்களுக்கும் சிலருக்கு வருகிறது. ஆனால் இருந்த ஒரு பெரிய வாய்ப்பை, ஒரு வார்த்தை விளையாட்டில் பிடுங்கிவிட்டார்கள்.

இதில் எங்கள் துறையின் பங்கையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. "ஹார்மோன் மாத்திரை" என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். கேட்பவர் அது ஹார்மோன் கொடுக்கும் மாத்திரை என்று நினைக்காமல் என்ன செய்வார்? அது ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது அந்த ஒரு நிமிஷம்தான் முதலில் போகிறது. அந்த இடைவெளியில்தான் பொடிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாக அரைமணி நேரம் பேசுகிறார்.

டமாக்சிஃபெனுக்குச் சைடு எஃபெக்ட் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வியர்க்கும். சிலருக்கு ரத்தம் உறையும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக்கசிவு வந்தால் உடனே காட்ட வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் வந்து சண்டை போடுங்க. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்று வேறு வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்னொரு விஷயம், இது சின்ன ஊர்களில் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்களுக்கு. ஈ.ஆர். ரிப்போர்ட் சரியாக வர வேண்டும் என்றால், எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். வெறும் டப்பாவிலோ சலைனிலோ போட்டு, மறுநாள் பஸ்ஸில் லேபுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. திசு கெட்டுப்போனால் இருக்கிற ஈ.ஆர். இல்லை என்று வரும். இல்லை என்று வந்தால், அந்தப் பெண்ணுக்கு அந்த மலிவான மாத்திரை எழுதவே மாட்டார்கள். ஒரு பாட்டில் ஃபார்மலினில் ஒருவரின் பத்து வருஷம் போய்விடும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே, "ஃபார்மலின் ரெடியா இருக்கா?" என்று கேளுங்க. கோபப்பட்டால் படட்டும்.

ஹெர்-2 "2+" என்று வந்தால் அது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் தெரியும். செலவுக்குப் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிற குடும்பங்கள் நிறைய. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை இருக்கிறது. அட்டையோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்க. பொடிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்டும் காசு இந்த டெஸ்டுக்குப் போகட்டும். டிரிப்பிள் நெகட்டிவ் என்றாலோ, இளம் வயதில் வந்தாலோ, குடும்பத்தில் மார்பகமோ சூலகமோ புற்றுநோய் இருந்தாலோ, பிராக்கா பரிசோதனை பற்றியும் கேளுங்க. பழுது இருப்பது தெரிந்தால் ஒலபாரிப் மாதிரி மருந்துக்கு வழி திறக்கும், அக்கா தங்கைக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை.

நோய் திரும்ப வந்தால், முடிந்தவரை மறுபடியும் பயாப்சி கேளுங்க. செல்லின் அடையாளம் கல்வெட்டு இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? புற்றுநோய்ச் செல்லுக்கும் அதுவேதான். முதலில் ஈ.ஆர். பாசிட்டிவாக இருந்தது பின்னால் நெகட்டிவாக மாறலாம். வருஷக்கணக்கில் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்துவிட்டால், சில கட்டிகளில் ஈ.ஆர். ஜீனே திரிந்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே தானாகப் படிக்கப் பழகிவிடும். பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புது எதிரியோடு சண்டை போட முடியாது.

"நீங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்குப் பொடியில குணமாயிடுச்சே" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அவரிடம் அந்தப் பக்கத்துத் தெருக்காரரின் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன, அறுவை சிகிச்சை செய்தாரா, மாத்திரை எடுத்தாரா என்று மட்டும் கேளுங்க. பத்தில் ஒன்பது பேர் ஆபரேஷனும் கீமோவும் முடித்துவிட்டுப் பொடிக்குப் பேர் கொடுப்பவர்கள். மீதி ஒருவரின் கட்டி புற்றுநோயே இல்லாத கட்டியாக இருந்திருக்கும்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.9 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கணக்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருக்கும் தூரம் மேற்கு நாடுகளில் இதைவிட எவ்வளவோ அதிகம். அங்கே பெண்களின் ஜீன் உசத்தி என்பதால் இல்லை. சீக்கிரம் வருகிறார்கள், வகை பார்த்து மருந்து கிடைக்கிறது, அதை முழுசாக எடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டு பயாப்சி ரிப்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்க. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் எழுதியிருக்கிறதா? இல்லை என்றால், ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அந்தத் திசுவை மெழுகில் பதித்து "பிளாக்" என்று லேபில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். ரிப்போர்ட் நம்பரைக் காட்டி பிளாக்கைக் கேட்டு வாங்கி, வேறு லேபில் கொடுத்துக்கூட இந்த மூன்று டெஸ்டையும் செய்துகொள்ளலாம். தர மாட்டேன் என்றால் எழுதிக் கேளுங்க, அது உங்கள் திசு.